பழைய கிரேக்கத்துல தண்ணிக்கு என்ன பண்ணுனாங்க? சனிக்கிழமை வாயனசாலைல பேசணும், உதவுங்க

தோப்புவீட்டுப்பொண்ணு

எல்லாருக்கும் வணக்கமுங்க. கொழிஞ்சாம்பாறைல இருந்து வேலந்தாவளம் போற வழில எங்கூரு. வாயனசாலைல, அதாவது ஊரு நூலகத்துல, மாசம் ஒரு பேச்சு வெப்பாங்க, இந்த மாசத் தலைப்பு பழைய கிரேக்கத்துகிட்ட இருந்து இன்னைக்கு நாம என்ன கத்துக்கலாம்ங்கறது. பேச வர்றதா இருந்த மாஷுக்கு (வாத்தியாருக்கு) ஒடம்பு முடியலைன்னு என்னைய பேசச் சொல்லிட்டாங்க, காலேஜ்ல ஹிஸ்டரி படிச்சவங்கறதால. 20 நிமிஷம்.

ஏதென்ஸ், ஜனநாயகம், சாக்ரடீஸ், ஒலிம்பிக்ஸ்னு வழக்கம்போல நாலு பக்கம் எழுதுனேன். படிச்சுப் பாத்தா எனக்கே ஒட்டல. கேக்க வர்றவங்க தென்னந்தோப்புக்காரங்க, மாடு வெச்சிருக்கறவங்க, தொழிலுறப்பு வேலைக்கு, அதாவது நூறு நாள் வேலைக்கு, போற அக்காங்க. இப்ப அவங்க மனசுல இருக்கறது ஒண்ணே ஒண்ணு, தண்ணி. கேரளான்னாலே மழைன்னு வெளிய இருக்கறவங்க நெனப்பாங்க, எங்க சித்தூர் தாலூக்கா கிழக்குப் பக்கம் மழை மறைவுப் பிரதேசம், தமிழ்நாடும் கேரளாவும் பங்கு போட்டுக்கற பரம்பிக்குளம் ஆளியாறு திட்டத்துல வருஷத்துக்கு 7.25 டிஎம்சி மணக்கடவு தடுப்பணைல எங்களுக்குக் கெடைக்கணும்னு 1970 ஒப்பந்தத்துல இருக்கு, அது எந்த மாசம் எவ்வளவு வருதுங்கறதுதான் எங்க ஊரு டீக்கடைப் பேச்சே.

இன்னொண்ணையும் சொல்லிடறேன், ஏன்னா அதனாலதான் இந்தக் கேள்வி. எங்க பக்கத்துத் தோட்டத்துல போர் வத்திப் போய் மூணு மாசமாச்சு. அவங்க எங்களுக்கு ஒறம்பரை முறைதான், சின்னம்மான்னுதான் கூப்புடுவேன். அப்பா எங்க கெணத்துல எடுத்துக்கச் சொன்னாரு. ரெண்டு மாசம் நல்லாப் போச்சு. அப்புறம் ஒரு நாள் அவங்க பையன் எங்க மோட்டார்ல ஹோஸ் மாட்டி புதுசா வெச்ச தென்னங்கன்னுக்கு விட்டுட்டான். அப்பா கோவத்துல கெணத்துக் கம்பிவலைக்கு பூட்டு போட்டுட்டாரு. இப்ப சின்னம்மா காலைல அஞ்சரை மணிக்கு ரோட்டுக் குழாய்ல அஞ்சு கொடத்தோட நிக்கறாங்க. நான் சொசைட்டிக்கு பால் ஊத்தப் போறப்ப ரெண்டு பேரும் பாத்துக்கறோம், பேசிக்கறதில்ல. தொண்டை அடைச்சுக்குது.

கிரேக்கத்துக்காரங்களும் வறண்ட பூமில இருந்தவங்கதானே. இப்படி ஒரு விஷயத்துக்கு அவங்க ஏதாவது வழி வெச்சிருந்தாங்களா? தெரிஞ்சவங்க சொல்லுங்க, புண்ணியமாப் போகும்.

கிழக்குமேடு குப்பம்

தங்கச்சி வணக்கம். நான் குப்பம், ஆந்திராப் பக்கம். வீட்ல தமிழ், கடைல தெலுங்கு. கர்நாடகால பொறந்த பாலாறு எங்க மண்டலம் வழியா கொஞ்ச தூரம் ஓடி வாணியம்பாடிப் பக்கம் தமிழ்நாட்டுக்குள்ள போகுது, தடுப்பணைக்காக எத்தன சண்டைன்னு நியூஸ்ல பாத்திருப்பீங்க. அதனால தண்ணி பத்தி எங்க எது கெடைச்சாலும் படிக்கறது என் வழக்கம்.

நீங்க கேட்டதுக்கு நேரா பதில் இருக்கு. ஏதென்ஸ்ல சோலோன்னு ஒருத்தர், கி.மு. 594ல அவர்கிட்ட மொத்த ஊரையும் ஒப்படைச்சு சட்டம் போடச் சொன்னாங்க. அப்ப நிலமெல்லாம் கடன்ல, கடன் கட்ட முடியாதவன் தானே அடிமையாப் போகணும், கடன் இருக்கற வயல்ல அடையாளக் கல்லு நட்டு வெச்சிருப்பாங்க. சோலோன் அந்தக் கல்லையெல்லாம் புடுங்கி எறிஞ்சு, இனிமே ஆளோட உடம்ப ஈடு வெச்சு கடன் குடுக்கக்கூடாதுன்னு சட்டம் போட்டாரு. இதுதான் எல்லாரும் சொல்ற சோலோன். ஆனா அதே ஆள் கெணத்துக்கும் சட்டம் போட்டிருக்காரு. பல நூறு வருஷம் கழிச்சு வந்த புளூட்டார்க்குங்கற கிரேக்க எழுத்தாளர் அவர் வாழ்க்கைய எழுதினப்ப இத விவரமா எழுதியிருக்காரு. அந்த நாட்டுல வத்தாத ஆறு இல்ல, ஏரி இல்ல, ஊத்தும் கம்மி, ஜனங்க தோண்டின கெணத்தத்தான் நம்பியிருந்தாங்க, அதனாலதான் சட்டம்.

சட்டம் என்னன்னா, நாலு ஸ்டேடியம் (அது அவங்க தூர அளவு) தூரத்துக்குள்ள, நம்ம கணக்குல முக்கால் கிலோமீட்டருக்கு கொஞ்சம் கம்மி, ஊர்ப் பொதுக் கெணறு இருந்தா அதுல எடுத்துக்கணும். அதுக்கு மேல தூரம்னா சொந்தமா தோண்டிக்கணும். சொந்த நிலத்துல பத்து பாகம் ஆழம், அதாவது ஒரு 60 அடி, தோண்டியும் தண்ணி வரலன்னா பக்கத்து வீட்டுக்காரன் கெணத்துல எடுத்துக்கலாம், அவன் முடியாதுன்னு சொல்ல முடியாது. எவ்வளவு எடுக்கலாம்? ஆறு கூஸ் (கூஸ்ங்கறது அவங்க தண்ணி அளவு) புடிக்கற பானை, ஒரு நாளைக்கு ரெண்டு தடவ. ஒரு கூஸ் மூணேகால் லிட்டர் கிட்ட வரும், அப்ப பானை கிட்டத்தட்ட 20 லிட்டர். இப்ப நாம வாங்கற வாட்டர் கேன் அளவு தங்கச்சி! அந்த எடத்த மொதல்ல படிச்சப்ப எங்க வீட்டு மூலைல இருந்த கேனத்தான் பாத்தேன், அப்புறம் ராத்திரி ரொம்ப நேரம் தூக்கமே வரல.

ஏன் அப்படி அளவு வெச்சாருன்னும் புளூட்டார்க் சொல்றாரு, இல்லாதவனுக்கு உதவணும், ஆனா சோம்பேறிக்குத் தீனி போடக்கூடாது, அதுதான் சோலோனோட எண்ணம்னு. உங்க அப்பா கோவம், உங்க சின்னம்மா கஷ்டம் ரெண்டுக்கும் அந்த ஒரு வரில எடம் இருக்கு பாருங்க. குடிக்கற பானைக்கு உரிமை உண்டு, தென்னங்கன்னு ஹோஸுக்கு இல்ல. உங்க ரெண்டு வீட்டுக்கும் நடுவுல அளவுன்னு ஒண்ணு பேசியிருந்தா பூட்டு வந்திருக்காதுன்னு எனக்குத் தோணுது. "எடுத்துக்கோ"ன்னு பெரிய மனசோட சொல்லிட்டோம், எவ்வளவுன்னு சொல்லல, அங்கதான் எல்லா ஊர்லயும் கசப்பு ஆரம்பிக்குது.

ரிக்குவண்டிக்காரன்

மேல சொன்ன அண்ணாவுக்கு நன்றிங்க. நான் போர் போடற வண்டில 11 வருசம் வேலை பாத்தவன், இப்ப பொள்ளாச்சி பக்கம் கோபாலபுரத்துல இருக்கேன், உங்க ஊருக்கெல்லாம் ராத்திரி ராத்திரியா வண்டி கொண்டு வந்திருக்கேன் அக்கா.

அந்த 60 அடிங்கற எடத்த படிச்சதும் எனக்கு தூக்கிவாரிப் போட்டுச்சு. எல்லாரும் பானை அளவ பாக்கறீங்க, நான் அந்த ஆழத்த பாக்கறேன். ஒரு மனுசன் இதுக்கு மேல தோண்ட வேண்டாம், இங்க நிறுத்திட்டு பக்கத்து வீட்டுல போய்க் கேளுன்னு சட்டமே சொல்லுது பாருங்க, அந்த "நிறுத்து" நம்மகிட்ட இல்லவே இல்ல. நான் பாத்தது என்னன்னா, வண்டி நிக்கும், கேசிங் எறக்கி ஹேமர் அடிக்க ஆரம்பிச்சா வெள்ளைப் புகையா கல்லுப் பொடி வரும், வீட்டுக்காரரு லுங்கிய மடிச்சுக் கட்டிக்கிட்டு குழி பக்கத்துலயே உக்காந்திருப்பாரு, 300 அடில பொடி ஈரமா வருதான்னு கைல எடுத்துத் தேச்சுப் பாப்பாரு. வராது. 500. வராது. நாங்க போதும்ங்க நிறுத்திக்கலாமான்னு கேப்போம், அவரு சம்சாரத்தப் பாப்பாரு, அந்தம்மா கழுத்த தொட்டுப் பாத்துக்கும், இன்னொரு நூறு போடுங்கம்பாரு. 850 வரைக்கும் போய் வெறும் பொடியோட ராடு ஏத்திட்டு வந்த ராத்திரி எத்தனையோ. பக்கத்துத் தோட்டத்துல தண்ணி இருக்கும், போய்க் கேக்க மனசு வராது, அதுக்கு பதிலா நகைய வெச்சு பாதாளத்துக்குப் போவாங்க. கேக்கறது கேவலம்னு ஆகிப்போச்சு. அவங்க சட்டத்துல கேக்கறது உரிமையா இருந்திருக்கு, அதுதான் எனக்குப் பெருசாத் தெரியுது.

இன்னொண்ணு, தண்ணி எடுத்த போருக்கு பக்கத்துலயே இன்னொருத்தர் அத விட ஆழமாப் போட்டா மொதல் போர் எறங்கிரும், ஒரே பாறை வெடிப்புல இருந்துதான் ரெண்டு பேரும் இழுக்கறாங்க. இதுக்கு அவங்க ஏதாவது வெச்சிருந்தாங்களாண்ணா?

கிழக்குமேடு குப்பம்

தம்பி, வெச்சிருந்தாங்க. அதே சோலோன் சட்டத்துல இருக்கு, குழியோ பள்ளமோ தோண்டுனா அது எவ்வளவு ஆழமோ அவ்வளவு தூரம் பக்கத்துக்காரன் எல்லைல இருந்து தள்ளித் தோண்டணும். மரம் வெச்சா வேலில இருந்து அஞ்சு அடி தள்ளி, அத்தியும் ஆலிவும் வேர் தூரமாப் போகும்ங்கறதால ஒம்பது அடி. தேன்கூடு வெச்சா ஏற்கனவே ஒருத்தர் வெச்ச கூட்டுல இருந்து 300 அடி தள்ளி. நம்ம 850 அடி போருக்கு அந்தக் கணக்குப் போட்டா ஒரு ஊருக்கு நாலு போர் கூட வராது. நீ சொன்ன ராத்திரிக் கதைய தங்கச்சி அப்படியே மேடைல சொல்லணும்.

செங்கோட்டை சாரல்

அம்மா, நான் ஓய்வு பெற்ற வாத்தியார், செங்கோட்டை. 1956 நவம்பர் 1 வரைக்கும் எங்க ஊரு திருவிதாங்கூர்ல, கடைசி சில வருஷம் திருவிதாங்கூர்-கொச்சில, இருந்தது, எங்க தாத்தா காலத்துப் பத்திரம் பூரா சர்க்கார் முத்திரையோட மலையாளத்துல கெடக்கு. அதனால எல்லைக்கு ரெண்டு பக்கமும் மனுஷங்கதாங்கறது எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்ல.

நண்பர்கள் சொன்னதோட ஒண்ணு சேத்துக்கோங்க. ஏதென்ஸ்ல பெரும்பாலான உத்தியோகத்துக்கு ஆள சீட்டுக் குலுக்கித்தான் எடுத்தாங்க, யாரு வேணும்னாலும் வரலாம்னு. ஆனா சில வேலைக்கு மட்டும் குலுக்கல் கூடாது, கை தூக்கி ஓட்டுப் போட்டு தெறமை பாத்து எடுக்கணும்னு வெச்சிருந்தாங்க. படைத் தளபதிங்க அப்படி, ராணுவப் பொக்கிஷதாரர் அப்படி. அந்த வரிசைல இன்னொருத்தர் யாரு தெரியுமா? நீரூற்றுகளப் பாத்துக்கற அதிகாரி! அரிஸ்டாட்டில் காலத்து ஏதென்ஸ் அரசமைப்பு பத்தின நூல்ல இது இருக்கு. யுத்தத்துக்கு சமமா தண்ணிய வெச்சிருக்காங்கன்னு அர்த்தம். அதே நூல்ல நகரக் கண்காணிப்பாளர்னு பத்துப் பேரு, அஞ்சு பேரு ஊருக்கு, அஞ்சு பேரு துறைமுகத்துக்கு, சாணி குப்பை அள்ளறவங்க மதில்ல இருந்து பத்து ஸ்டேடியத்துக்குள்ள, ஏறக்குறைய ரெண்டு கிலோமீட்டர், கொட்டாம பாத்துக்கறது அவங்க வேலைன்னு வருது.

தண்ணித் திருட்டும் அன்னைக்கே உண்டு. தெமிஸ்டோக்ளிஸ்னா கி.மு. 480ல சலாமிஸ் கடல் போர்ல பாரசீகத்த ஜெயிச்சவர்னுதான் நாம பாடத்துல படிச்சோம். அவர் ஒரு சமயம் ஏதென்ஸ்ல தண்ணி அதிகாரியா இருந்திருக்கார். பொதுத் தண்ணியத் திருட்டுத்தனமா திருப்பிக்கிட்டவங்களப் புடிச்சு அபராதம் போட்டார். அந்தக் காச என்ன பண்ணினார்? தண்ணிக்கொடம் சுமக்கற ஒரு பொண்ணோட வெண்கலச் சிலை, ரெண்டு முழ உயரம், செஞ்சு வெச்சார். அந்தச் சிலையப் பாரசீகக்காரங்க கொள்ளையடிச்சுக்கிட்டுப் போய், பல வருஷம் கழிச்சு இவரே நாடு கடத்தப்பட்டுப் போன எடத்துல, பாரசீகத்துக்குக் கீழ இருந்த சார்டிஸ் ஊர்ல ஒரு கோயில்ல, அதப் பாத்தாராம். எனக்கு இத வகுப்புல சொல்றப்பல்லாம் கொரல் மாறிடும்.

நம்ம பக்கத்துலயும் சொல்லணும், இல்லேன்னா ஏதோ வெள்ளைக்காரன் பெருமை பேசற மாதிரி ஆயிடும். உத்திரமேரூர்ல முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு, 919, 921ஆம் வருஷத்தது, 30 குடும்புன்னு ஊரப் பிரிச்சு ஓலைல பேரெழுதி கொடத்துல போட்டுக் குலுக்கி எடுத்தாங்க. அதுல ஏரி வாரியம்னு தனியா ஆறு பேரு, ஏரியப் பாத்துக்கறதுக்குன்னே. முன்னாடி வாரியத்துல இருந்துட்டு கணக்குக் காட்டாதவன் பேர மட்டுமில்ல, அவன் சொந்தக்காரங்க பேரையும் கொடத்துல போடக்கூடாது. ஏதென்ஸ்லயும் பதவி முடிஞ்சதும் கணக்குக் காட்டித்தான் ஆகணும். ரெண்டும் எவ்வளவு தூரத்து ஊரு, எவ்வளவு தூரத்துக் காலம், ஆனா பொதுச் சொத்தத் தொட்டவன் கணக்குக் காட்டணும்ங்கறதுல ஒரே பிடிவாதம்.

மார்த்தாண்டம் ஓமனை

எல்லாரும் நல்ல காரியம் சொல்லியிருக்கீங்க, பிள்ளே, நான் ஒண்ணு சொல்லுதேன் கேளு. அந்தப் பானைய யாரு சுமந்தா? அதச் சொல்லாம இறங்கீராத.

ஆறு கூஸ் பானைன்னு சொல்லுதாங்கல்லா, அதுக்கு ஹைட்ரியான்னு பேரு, தண்ணி கோருறதுக்குன்னே செய்த பானை. மூணு கைப்பிடி இருக்கும். ரெண்டு பக்கத்துலயும் ஒண்ணொண்ணு தூக்குறதுக்கு, பின்னாடி நிமிந்து ஒண்ணு ஊத்துறதுக்கு. அந்தப் பானை மேலயே படம் வரஞ்சிருப்பாங்க, நீரூத்து வீட்டுல பெண்ணுங்க வரிசையா நிக்குதது, வெறும் பானைய தலைல படுக்க வச்சு வருவா ஒருத்தி, நெறஞ்ச பானைய நேரா வச்சுட்டு போவா இன்னொருத்தி. நான் அந்தப் படத்த முதல்ல பாத்தப்ப எனக்க அம்மைய நெனச்சு கண்ணு கலங்கிப் போச்சு. வெறுங்கொடத்த சாய்ச்சும் நெற கொடத்த நிமித்தியும் கொண்டு போறது எங்க ஊருல இப்பவும் அப்படித்தான். 20 லிட்டர் வெள்ளம்னா 20 கிலோ, பானை கனம் வேற. ரெண்டு நடை.

ஏதென்ஸ் சபையில இந்தப் பெண்ணுங்க ஒருத்திக்கும் கை தூக்க உரிமை இல்ல. அடிமைங்களுக்கும் இல்ல. லாரியம் வெள்ளிச் சுரங்கத்துல இடுங்கின குழிக்குள்ள கெடந்து சாவுதவங்க அடிமைங்கதான், அந்த வெள்ளிலதான் தெமிஸ்டோக்ளிஸ் கப்பல் கட்டினாரு. உத்திரமேரூருலயும் நிலமும் வீடும் உள்ள ஆம்பிள, அதுவும் வேதம் படிச்சவன் பேருதான் கொடத்துல விழும். அதனால பழையது எல்லாம் பொன்னுன்னு பேசாத. நல்லத எடு, அளவு நல்லது, கேக்குறது உரிமைன்னது நல்லது, கணக்கு காட்டுறது நல்லது. அத யாருக்கெல்லாம் கொடுக்கல்லன்னும் சொல்லு. உனக்க முன்னாடி உக்காந்திருக்க தொழிலுறப்பு அக்காமாரு அதத்தான் ஓர்மை வைப்பாங்க. உனக்க சின்னம்மைட்ட யாராவது "உனக்கு எத்தன கொடம் வேணும்"ன்னு கேட்டாங்களா மோளே?

தோப்புவீட்டுப்பொண்ணு

ஓமனை அக்கா, அந்தக் கடைசி வரிய ராத்திரி பூரா திருப்பித் திருப்பிப் படிச்சேனுங்க. யாரும் கேக்கல. நானும் கேக்கல.

இன்னைக்குக் காலைல நடந்தத சொல்றேன். அப்பா மாட்டுக்குத் தவிடு கலக்கிட்டு இருந்தாரு, நான் பக்கத்துல உக்காந்து அந்தச் சட்டத்த, குப்பம் அண்ணா எழுதுன மாதிரியே, சத்தமாப் படிச்சேன். தெரிஞ்சுதான் படிக்கறேன்னு அவருக்கும் தெரியும். ஒண்ணும் சொல்லல. 60 அடின்னதும் மட்டும் "நம்ம கெணறு தாத்தா வெட்டுனப்ப 45 அடிதான்"னாரு. சோம்பேறிக்குத் தீனி போடக்கூடாதுங்கறது வந்தப்ப தலைய ஆட்டுனாரு. அப்புறம் ரிக்குவண்டித் தம்பி எழுதுனத படிச்சேன், அந்தம்மா கழுத்தத் தொட்டுப் பாக்கற எடத்துல எழுந்து வெளிய போய்ட்டாரு. எங்கம்மா நகையும் அப்படித்தான் 2017ல போச்சு.

பொழுதோட நானே சின்னம்மா வீட்டுக்குப் போய், எத்தன கொடம் வேணும்னு கேட்டேன். அவங்க உடனே சொல்லல. மொதல்ல பையன் ஹோஸ் போட்டது தப்புதான்னாங்க, அவங்களுக்குத் தெரியாமப் பண்ணிட்டானாம். அப்புறம் சமையலுக்கும் குடிக்கறதுக்கும் நாலு கொடம்னாங்க. எங்கூரு பிளாஸ்டிக் கொடம் ஒண்ணு 12 லிட்டர், ஏறக்குறைய மூணேகால் கொடத்துக்கே ஏதென்ஸ் கணக்கு தீந்து போகுது, முக்கால் கொடத்துக்குள்ளதான் கூடுதல். அவங்க தோட்டத்து மூலைல தூந்து போன பழைய கெணறு ஒண்ணு இருக்கு, பையன் ஆள் வெச்சு அதத் தூர் வாரறேன்னு அவனா வந்து சொன்னான்.

வீட்டுக்கு வந்து அப்பாகிட்ட நாலு கொடம்னு சொன்னேன். சாவிய எடுத்து என் கைல குடுத்தாரு. குடுத்துட்டு, "அந்த கிரேக்கத்துக்காரன் மாட்டுக்கு எவ்வளவுன்னு எழுதுனான்?"னு கேட்டாரு. அதுல ஆளுக்கு எடுக்கற பானை மட்டுந்தான் இருக்குதுங்கப்பான்னேன். கொஞ்ச நேரம் சும்மா நின்னாரு. "அவகிட்ட ரெண்டு எருமை இருக்குது. தொட்டில நான் மோட்டார் போட்டு விடறேன், ஓட்டிட்டு வந்து காட்டிட்டுப் போகச் சொல்லு"ன்னாரு.

பேச்சுல தெமிஸ்டோக்ளிஸ் சிலைய வெச்சு ஆரம்பிக்கலாம்னு இருக்கேனுங்க வாத்தியாரய்யா. தூர் வாரறதுக்கு கூடையும் கயிறும் பாக்கணும், ரிக்குவண்டித் தம்பி, பழைய கெணத்துல எறங்கறதுக்கு முன்னாடி காத்து நல்லாருக்கான்னு எப்படிப் பாக்கறதுன்னு ரெண்டு வரி எழுதி விடுங்க.

ரிக்குவண்டிக்காரன்

அக்கா, மொதல்ல யாரையும் எறக்காதீங்க. தூந்து கெடந்த கெணத்துல கெட்ட காத்து தங்கியிருக்கும், மேல இருந்து பாத்தா ஒண்ணும் தெரியாது. தீப்பந்தம் எறக்கிப் பாக்கறதெல்லாம் முழுசா நம்ப முடியாது, தீயணைப்பு நெலையத்துல காத்து பாக்கற மிஷின் இருக்கான்னு கேட்டுப் பாருங்க. கம்ப்ரசர்ல பைப் விட்டு அடிவரைக்கும் நல்ல காத்து அடிக்கணும், எறங்கறவன் இடுப்புல கயிறு கட்டி மேல நாலு பேரு புடிச்சுக்கணும், அவனுக்கு மயக்கம் வந்தா இன்னொருத்தன் பின்னாடியே குதிக்கவே கூடாது, கயிறப் புடிச்சுத் தூக்கணும். ஞாயித்துக்கெழமைன்னா நானே வர்றேன், கப்பியும் கயிறும் என்கிட்ட இருக்கு.